‘மிஸ்’ அடிக்கும் டிராக்டர்: நாசிலைக் கழற்றும் முன்பும், மாட்டிய பின்பும்!

‘‘எங்களிடம் இருப்பது மூன்று சிலிண்டர் கொண்ட பழைய டிராக்டர். காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை தள்ளுகிறது. ஐடிலிங்கில் உடம்பெல்லாம் உதறுகிறது. சேடை ஓட்டும்போது இழுவை இல்லை, ‘டப்... டப்’ என்று மிஸ் அடிக்கிறது. ஒரு மெக்கானிக், ‘இன்ஜினை இறக்கி போர் வேலை பார்க்க வேண்டும்’ என்கிறார். இன்னொருவர், ‘நாசிலைக் கழற்றி மாட்டினால் போதும்’ என்கிறார். யார் சொல்வது சரி?’’

- வாசகர், உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்.

இருவரில் யார் சொல்வது சரி என்பதை, பணம் செலவழிக்கும் முன்பே உங்கள் வண்டியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதற்கு ஒரு ஸ்பேனரும் அரை மணி நேரப் பொறுமையும் போதும். இந்தக் கேள்வி ஒருவருடையது மட்டுமல்ல. காஞ்சிபுரம் மாவட்டம் ஏரிப் பாசன பூமி. நவரைக்கோ சொர்ணவாரிக்கோ மதகு திறந்துவிட்டால், அந்த ஆயக்கட்டு முழுவதும் ஒரே வாரத்தில் சேடை ஓட்ட வேண்டும். அந்த வாரத்தில் வண்டி நின்றுபோனால், தண்ணீர் நமக்காகக் காத்திருக்காது. அவசரத்தில் ‘இன்ஜின் போயிடுச்சு’ என்ற பேச்சை நம்பிக் கடன் வாங்குபவர்களும் உண்டு. மிஸ் அடிக்கும் வண்டியையே விரட்டி ஓட்டி, சின்னக் கோளாறைப் பெரிய செலவாக மாற்றிக்கொள்பவர்களும் உண்டு.

வீட்டில் தறியும் வெளியில் நிலமும் வைத்திருக்கும் அய்யம்பேட்டை, முத்தியால்பேட்டைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, இழையைப் பிணைத்த பிறகே அடுத்த ஊடை ஓடும். அறுந்த இழையோடு நெய்துகொண்டே போனால் புடவை முழுக்கக் கோடு விழும். ஒரு சிலிண்டர் வேலை செய்யாத இன்ஜினும் அப்படித்தான்.

நாசில் செய்யும் வேலை என்ன?

பெட்ரோல் இன்ஜினைப் போல டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் மேலே வந்து காற்றை இறுக்கும்போது அந்தக் காற்று கடுமையாகச் சூடாகிறது. சரியாக அந்த நேரத்தில் டீசலைப் புகை போன்ற மெல்லிய தூவலாக உள்ளே அடித்தால், அது தானே பற்றிக்கொள்கிறது. அடிப்பதற்கு அழுத்தம் கொடுப்பது பம்ப். தூவலாக மாற்றுவது இன்ஜெக்டர். இன்ஜெக்டரின் நுனியில் இருக்கும் பாகம்தான் நாசில். பேச்சு வழக்கில் முழு இன்ஜெக்டரையுமே ‘நாசில்’ என்று சொல்லிவிடுகிறோம்.

ருடால்ஃப் டீசல் தன் இன்ஜினை 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். அன்றைக்கு எரிபொருளை உள்ளே தள்ள, தனியாகக் காற்று அழுத்தும் பெரிய கம்ப்ரஸர் தேவைப்பட்டது. அதனால் இன்ஜினும் பெரிதாகவே இருந்தது. டீசலை நேரடியாக அழுத்தி அனுப்பும் சிறிய பம்பை, பாஷ் நிறுவனம் 1927-ல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் லாரிக்கும் டிராக்டருக்கும் ஏற்ற சிறிய டீசல் இன்ஜின்கள் பரவலாயின. அதே நிறுவனத்தின் கூட்டோடு 1951-ல் தொடங்கப்பட்டதுதான் மைக்கோ. இன்றும் நம் ஊர் மெக்கானிக்குகள் ‘மைக்கோ நாசில்’ என்று சொல்வது அந்தப் பழக்கத்தில்தான். 1960-ல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கி, மாஸே ஃபெர்குசன் டிராக்டர்கள் நம் பக்கத்து வயல்களுக்கு வந்தன. அவற்றில் பலவற்றுக்கு இன்ஜின் கொடுத்தது சென்னை செம்பியத்தில் உள்ள சிம்சன் ஆலை. நம் மாவட்டத்தில் இன்றும் ஓடும் மூன்று சிலிண்டர் வண்டிகள் பலவும் இந்தப் பழைய வகைப் பம்ப், நாசிலோடு இருப்பவைதான்.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால், ஒவ்வொரு நாசிலும் நிமிடத்துக்கு 1,000 தடவை டீசல் அடிக்கும். மணிக்கு 60,000 தடவை. மூன்று நாசிலும் சேர்ந்து 1,80,000 தடவை. வண்டி மணிக்கு 6 லிட்டர் டீசல் குடிப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு தடவைக்கு அடிக்கும் டீசல் ஒரு சொட்டைவிடக் குறைவு. அந்தச் சொட்டையும் சில நுண்துளைகள் வழியாகத் தூவ வேண்டும்.

நாசிலுக்குள் ஓர் ஊசி இருக்கிறது. அதை ஸ்பிரிங் அழுத்தி மூடி வைத்திருக்கும். பம்பிலிருந்து வரும் டீசலின் அழுத்தம் ஏறி, ஸ்பிரிங்கைத் தள்ளி ஊசியைத் தூக்கும்போது டீசல் சீறும். பழைய வகை டிராக்டர்களில் இந்தத் திறப்பு அழுத்தம் பொதுவாகச் சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோ என்ற அளவை ஒட்டி இருக்கும். மாடலுக்கு மாடல் மாறும். டிராக்டரின் பின் டயரில் இருப்பது ஏறக்குறைய 1 கிலோதான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஊசிக்கும் அது ஓடும் துளைக்கும் இடையில் உள்ள இடைவெளி வெறும் சில மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் கண்ணுக்கே தெரியாத தூசு போதும், ஊசியைச் சிக்க வைக்க.

புகை சொல்லும் செய்தி

வெள்ளைப் புகை, கண் எரிச்சல், பச்சை டீசல் வாடை: டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை. நாசில் தூவாமல் ஒழுகுவது, கம்ப்ரஷன் குறைவு, டைமிங் மாறியது ஆகியவை காரணமாகலாம். ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

கறுப்புப் புகை: டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. முதலில் பார்க்க வேண்டியது ஏர் ஃபில்டர். அது சுத்தமாக இருந்தும் புகை நிற்காவிட்டால் நாசில், பம்ப் மீது சந்தேகம்.

நீலப் புகை: இன்ஜின் ஆயில் எரிகிறது. ரிங், போர், வால்வு பக்கத்துக் கோளாறு. நாசிலை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

புகையை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதை மட்டுமே அது காட்டும்.

ஸ்பேனரை எடுக்கும் முன்...

மிஸ் அடிக்கும் வண்டிகளில் ஒரு பகுதி, நாசிலைத் தொடாமலேயே சரியாகிவிடும். எனவே கீழே உள்ளவற்றை முதலில் பாருங்கள்.

டேங்கில் டீசல் போதுமான அளவு இருக்கிறதா? மூடியில் உள்ள காற்றுத் துளை சேற்றால் அடைத்திருக்கிறதா? டீசல் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? ஃபில்டருக்குக் கீழே உள்ள கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா? டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பைப்பில் எங்கேயாவது ஈரம் தெரிகிறதா? டீசல் கசியும் இடத்தில் காற்றும் உள்ளே போகும். காற்றுப் பிடித்த வண்டியும் மிஸ் அடிக்கும். இவையெல்லாம் சரியாக இருந்தும் மிஸ் நிற்காவிட்டால்தான் அடுத்த சோதனை.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை?

இந்தச் சோதனை பழைய வகைப் பம்ப் உள்ள வண்டிகளுக்கு மட்டும். சி.ஆர்.டி.ஐ. எனப்படும் காமன் ரெயில் வண்டிகளில் இதைச் செய்யவே கூடாது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்திருப்பதால், புது வண்டிகள் பலவற்றில் காமன் ரெயில் அமைப்பு இருக்கிறது. அதில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 1,000 கிலோவுக்கு மேல் போகும். ஓடும்போது நட்டைத் தளர்த்தினால் உயிருக்கே ஆபத்து.

பழைய வண்டியில் செய்யும் முறை இது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கண்ணாடியும் கனமான கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடட்டும். முதல் இன்ஜெக்டருக்கு வரும் கனமான பைப்பின் நட்டைச் சுற்றி ஒரு துணியைப் போர்த்தி, ஸ்பேனரால் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். டீசல் துணியில் கசியும். அந்த சிலிண்டருக்குப் போகாது. இன்ஜின் சத்தம் உடனே மாறி, உதறல் கூடினால் அந்த சிலிண்டர் நன்றாக வேலை செய்து வந்தது என்று பொருள். நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எந்த நட்டைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் ஏற்கெனவே படுத்திருக்கிறது. சூடான சைலன்சர் பக்கம் டீசல் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விரலை நட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வருவோம். படுத்திருப்பது இரண்டாவது சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, இரண்டாவது இன்ஜெக்டரையும் முதலாவதையும் கழற்றி, இடம் மாற்றி மாட்டுங்கள். மீண்டும் அதே சோதனையைச் செய்யுங்கள். கோளாறு முதல் சிலிண்டருக்கு இடம் மாறிவிட்டால், குற்றவாளி நாசில்தான். இன்ஜினை இறக்கத் தேவையில்லை. கோளாறு இரண்டாவது சிலிண்டரிலேயே தங்கிவிட்டால், நாசில் நல்லது. வால்வு இடைவெளி, கம்ப்ரஷன், பம்ப் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். கம்ப்ரஷன் கேஜ் வைத்து அளந்து, அளவு குறைவாக இருந்தால் மட்டுமே போர் வேலையைப் பற்றிப் பேசலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் யார் ‘போர்’ என்றாலும், ‘கம்ப்ரஷன் எவ்வளவு காட்டியது?’ என்று கேளுங்கள்.

கழற்றும் முறை

1. இன்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரியின் எர்த் வயரை எடுத்துவிடுங்கள். டீசல் டேப்பை மூடுங்கள்.

2. கழற்றும் முன் கழுவுங்கள். இதுதான் பலர் தவறவிடும் வேலை. இன்ஜெக்டரைச் சுற்றிலும் சேறு, வைக்கோல் தூசு, ஆயில் பிசுக்கு இருக்கும். டீசலும் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள். இல்லாவிட்டால் இன்ஜெக்டரை எடுத்ததும் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் விழும்.

3. இன்ஜெக்டர்களில் 1, 2, 3 என்று பெயின்ட்டால் எண் போடுங்கள். எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருந்தது என்பதற்கும் ஒரு கோடு போடுங்கள்.

4. மேலே உள்ள மெல்லிய ரிட்டர்ன் பைப்பைக் கழற்றுங்கள். போல்ட்டின் இரண்டு பக்கமும் சின்ன வாஷர்கள் இருக்கும். தொலைந்துவிடாமல் கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.

5. கனமான பைப்பை இரண்டு முனையிலும் தளர்த்தி முழுதாக எடுங்கள். ஒரு முனையை மட்டும் கழற்றி, பைப்பை வளைத்து ஒதுக்கக் கூடாது. வளைத்த பைப் பிறகு சரியாக உட்காராது, விரிசலும் விடும். பம்ப் பக்கத்து நட்டைத் தளர்த்தும்போது, அதற்குக் கீழே உள்ள பாகம் சேர்ந்து சுற்றாமல் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள்.

6. திறந்த முனைகள் எல்லாவற்றையும் உடனே மூடுங்கள். மூடி இல்லாவிட்டால் சுத்தமான பாலித்தீன் தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். பஞ்சு, நூல் கழிவு வேண்டாம். ஒரு நூல் பிசிறு உள்ளே போனால் நாசில் துளை அடைத்துவிடும்.

7. இன்ஜெக்டரைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். துரு இருந்தால் துரு விடுவிக்கும் ஆயிலை அடித்து, ஒரு ராத்திரி ஊற விடுங்கள். அவசரப்பட்டு ஸ்டட் முறிந்தால், நாசில் வேலை ஹெட் வேலையாகிவிடும்.

8. இன்ஜெக்டர் வராவிட்டால் இடதும் வலதுமாக மெல்லத் திருப்பி அசைத்து மேலே தூக்குங்கள். கடப்பாரையால் நெம்புவதும் சுத்தியலால் தட்டுவதும் கூடாது. அதற்கென்று உள்ள புல்லர், டீசல் பம்ப் கடைகளில் இருக்கும், கேட்டு வாங்கலாம். சில இன்ஜின்களில் இன்ஜெக்டர் ஒரு செம்புக் குழலுக்குள் உட்கார்ந்திருக்கும். முரட்டுத்தனமாக இழுத்தால் குழலும் சேர்ந்து வந்து, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும்.

9. இன்ஜெக்டரின் நுனியைப் பாருங்கள். காப்பர் வாஷர் அதோடு வந்திருக்கிறதா? வராவிட்டால் அது குழியின் அடியிலேயே ஒட்டியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்து, வளைத்த கம்பியால் எடுத்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டு மேலே புது வாஷர் போட்டால் இரண்டு வாஷராகி, நாசில் நுனி உயர்ந்துவிடும். தூவல் விழ வேண்டிய இடம் மாறி, புகையும் இழுவைக் குறைவும் தொடரும். ‘நாசில் மாற்றியும் சரியாகவில்லை’ என்ற புகார்களுக்கு இந்த ஒட்டிக்கொண்ட வாஷர் ஒரு முக்கியக் காரணம்.

10. குழிகளைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள். இன்ஜெக்டர் வெளியே இருக்கும்போது யாரும் செல்ஃப் அடிக்காதபடி சாவியை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

மூன்று இன்ஜெக்டர்களையும் தனித்தனியே சுற்றி, டீசல் பம்ப் கடைக்குக் கொண்டுபோங்கள். அங்கே கையால் அடிக்கும் டெஸ்டரில் மாட்டிப் பார்ப்பார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். நான்கு விஷயங்களைக் கேளுங்கள்.

திறப்பு அழுத்தம் எத்தனையில் இருக்கிறது? உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒத்துப்போக வேண்டும். மூன்றுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும்.

தூவல் எப்படி இருக்கிறது? எல்லாத் துளையிலும் ஒரே மாதிரி மூடுபனி போல வர வேண்டும். ஒரு துளையில் மட்டும் கம்பி போல நேராக அடித்தாலோ, ஒரு பக்கம் சாய்ந்தாலோ நாசில் சரியில்லை.

சொட்டுகிறதா? திறப்பு அழுத்தத்துக்குச் சற்றுக் கீழே 10 விநாடி நிறுத்திவைத்தால் நுனியில் ஒரு சொட்டும் தொங்கக் கூடாது. சொட்டும் நாசில்தான் மிக ஆபத்தானது. அது சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். எரியாத டீசல் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்க்கச் செய்யும். பிஸ்டன் தலையை எரித்து ஓட்டை போடவும் கூடும். ஒரு நாசிலுக்கான செலவை மிச்சம் பிடிக்கப்போய் போர் செலவு வருவது இப்படித்தான்.

பின்வழிக் கசிவு அதிகமா? ஊசி தேய்ந்திருந்தால் டீசல் ரிட்டர்ன் பக்கம் அதிகமாகப் போகும்.

சுத்தம் செய்தாலே சரியாகும் நாசிலும் உண்டு. மாற்ற வேண்டியதும் உண்டு. டெஸ்டர்தான் அதைச் சொல்ல வேண்டும். ஊசியும் அதன் உறையும் ஜோடியாகத் தீட்டப்பட்டவை. ஒன்றின் ஊசியை இன்னொன்றில் போடக் கூடாது. கரியைப் பித்தளை பிரஷால்தான் எடுக்க வேண்டும். உப்புத்தாள், குண்டூசி கொண்டு துளையைக் குத்துவது நாசிலைக் கெடுத்துவிடும்.

சிலர் வயலிலேயே இன்ஜெக்டரை வெளியே வைத்துப் பைப்பில் மாட்டி, செல்ஃப் அடித்துத் தூவலைப் பார்ப்பார்கள். வேண்டவே வேண்டாம். அந்தத் தூவல் தோலைத் துளைக்கும். சூடான இடத்தில் பட்டால் பற்றிக்கொள்ளும்.

திரும்ப மாட்டும் முறை

1. குழியின் அடியில் உள்ள கரியை மெல்லச் சுரண்டி எடுங்கள். கம்பு நுனியில் கிரீஸ் தடவிக்கொண்டால் கரி அதில் ஒட்டிக்கொண்டு வரும், சிலிண்டருக்குள் விழாது.

2. ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் புது காப்பர் வாஷர், ஒன்றே ஒன்று, அதே கனத்தில். சில ரூபாய் விஷயம் இது. பழைய வாஷர் ஏற்கெனவே நசுங்கி இறுகியிருக்கும். மீண்டும் சரியாக அடைக்காது. விழாமல் இருக்க, துளி கிரீஸ் தடவி இன்ஜெக்டரோடு ஒட்டி இறக்குங்கள்.

3. எண்ணையும் திசையையும் பார்த்து உட்கார வையுங்கள். நட்டுகளை இறுக்கும் முன், கனமான பைப்பின் இரண்டு முனை நட்டுகளும் கையாலேயே மரையில் ஏறுகின்றனவா என்று பாருங்கள். கையால் ஏறாவிட்டால் ஏதோ கோணலாக இருக்கிறது. ஸ்பேனரால் வலிந்து ஏற்றாதீர்கள்.

4. இரண்டு நட்டுகளையும் கால் கால் சுற்றாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றொன்றுக்குப் போனால் இன்ஜெக்டர் சாய்ந்து, ஒரு பக்கம் கம்ப்ரஷன் கசியும். டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குவதே நல்லது. ‘இன்னும் கொஞ்சம்’ என்று பைப் வைத்து இறுக்கினால் நாசில் உடம்பு நெளிந்து, உள்ளே ஊசி சிக்கிக்கொள்ளும். புது நாசில் முதல் நாளே மிஸ் அடிக்க இதுவும் ஒரு காரணம்.

5. ரிட்டர்ன் பைப்பைப் புது வாஷர்களோடு மாட்டுங்கள். கனமான பைப்களைப் பம்ப் பக்கம் இறுக்கி, இன்ஜெக்டர் பக்கம் ஒரு சுற்றுத் தளர்வாக விடுங்கள்.

6. இப்போது ஏர் எடுக்க வேண்டும். டீசல் டேப்பைத் திறந்து, ஃபில்டர் மேலே உள்ள ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, கை பம்பை அடியுங்கள். நுரையும் குமிழியும் நின்று, சுத்தமான டீசல் வந்ததும் மூடுங்கள். அடுத்துப் பம்பில் உள்ள ஸ்குருவிலும் அப்படியே.

7. பேட்டரி வயரை மாட்டி, ஆக்ஸிலேட்டரைத் திறந்து வைத்துச் செல்ஃப் அடியுங்கள். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். இடையில் ஒரு நிமிடம் செல்ஃப் மோட்டாருக்கு ஓய்வு கொடுங்கள். இன்ஜெக்டர் பக்க நட்டுகளில் குமிழியில்லாமல் டீசல் வந்ததும் இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் கொஞ்சம் உதறும். மிச்சக் காற்று போனதும் சீராகும்.

8. ‘சிக்... சிக்’ என்று இன்ஜெக்டர் அடியில் சத்தம் வருகிறதா? சோப்பு நீர் விட்டால் குமிழி வருகிறதா? வந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை. அணைத்து, ஆறவிட்டு, மீண்டும் பாருங்கள். ஒரு நாள் ஓட்டிய பிறகு, ஆறிய இன்ஜினில் நட்டுகளின் இறுக்கத்தை இன்னொரு முறை சரிபாருங்கள்.

9. இன்ஜின் ஆயில் குச்சியைப் பாருங்கள். மட்டம் ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால், ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றாமல் வண்டியை வயலில் இறக்க வேண்டாம்.

கையால் கசிவைத் தேடாதீர்கள்!

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள். இன்ஜின் ஓடும்போது பைப்பில் எங்கே டீசல் சீறுகிறது என்று கையால் தடவிப் பார்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சீறல், தோலைத் துளைத்துச் சதைக்குள் டீசலை ஏற்றிவிடும். வெளியே பார்த்தால் முள் குத்தியது போல ஒரு சின்னப் புள்ளி. முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. ‘ஒன்றுமில்லை’ என்று வேலையைத் தொடர்வார்கள். சில மணி நேரத்தில் விரல் வீங்கி, உள்ளே சதை அழுகத் தொடங்கும். தாமதித்தால் விரலையே எடுக்க நேரிடும்.

இப்படி ஆனால் அழுத்திப் பிதுக்க வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம், மஞ்சள் வைத்துக் கட்டிக் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழைத்து, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். ‘முள் குத்தியது’ என்று சொல்லாமல், ‘அழுத்தத்தில் டீசல் தோலுக்குள் ஏறிவிட்டது’ என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டைப் பைப் ஓரமாக நகர்த்துங்கள். ஈரம் படும் இடமே கசிவு. வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

நாசில் கெடுவது டேங்கில் தொடங்குகிறது

உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் பராந்தக சோழன் காலத்து ஊராட்சியில், கி.பி. 921 வாக்கிலேயே ‘ஏரி வாரியம்’ என்று தனி வாரியம் இருந்தது. மதகு நன்றாக இருக்க வேண்டுமானால் ஏரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. டிராக்டரில் டேங்க்தான் ஏரி. நாசில்தான் கடைசி மதகு. மேலே சேறு இருந்தால் கீழே அடைப்பு உறுதி.

பேரலில் டீசல் வைப்பவர்கள், இரண்டு நாளாவது அசைக்காமல் வைத்து, அடியில் நான்கு விரல் அளவு விட்டுவிட்டு மேல் டீசலை மட்டும் எடுங்கள். துருப்பிடித்த பேரல் வேண்டாம். வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பிவிட்டால், இரவுக் குளிரில் டேங்கின் காலி இடத்தில் காற்றின் ஈரம் தண்ணீராகப் படியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஃபில்டர் கிண்ணத்துத் தண்ணீரை அடிக்கடி திறந்துவிடுங்கள். ஃபில்டரைக் கையேட்டில் சொன்ன மணிக் கணக்குப்படி மாற்றுங்கள். கழுவித் திரும்பப் போடாதீர்கள். மண்ணெண்ணெய் கலப்பது வேண்டாம். நாசில் ஊசிக்கும் பம்புக்கும் டீசலின் வழுவழுப்புதான் ஆயில். மண்ணெண்ணெயில் அது குறைவு.

வண்டி கடையில் இருக்கும் நாட்களில் சேடை நின்றுவிடாமல் இருக்க, வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவன் செயலியின் இ-வாடகைப் பகுதியில் முன்பதிவு செய்யலாம். மதகு திறந்த பிறகு எல்லோரும் பதிவு செய்வார்கள். முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வாசகர்கள் கேட்கும் மற்ற கேள்விகள்

ஒரு நாசில் கெட்டால் மூன்றையும் மாற்ற வேண்டுமா?

மூன்றையும் டெஸ்ட் செய்ய வேண்டும். நல்ல நிலையில் இருப்பதை மாற்றத் தேவையில்லை. ஆனால், மூன்றின் திறப்பு அழுத்தமும் ஒரே அளவில் வைக்கப்பட வேண்டும்.

பவர் டில்லர், ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜினுக்கும் இதே முறைதானா?

கழற்றுவதும் மாட்டுவதும் இதே முறைதான். ஒரே சிலிண்டர் என்பதால் நட்டைத் தளர்த்தும் சோதனையும் இடம் மாற்றும் சோதனையும் பயன்படாது; நேராக டெஸ்டரில் காட்டுங்கள்.

பம்பின் ஸ்குருவைத் திருகி மிஸ்ஸைச் சரிசெய்யலாமா?

கூடாது. பம்பின் அளவும் டைமிங்கும் பரிசோதனை மேடையில் வைத்துச் சரிசெய்ய வேண்டியவை. வயலில் திருகினால் புகை கூடும், டீசல் செலவும் கூடும்.

வண்டி வாரண்டியில் இருக்கிறது. நாங்களே கழற்றலாமா?

வேண்டாம். நீங்கள் கழற்றியது தெரிந்தால் வாரண்டி மறுக்கப்படலாம். டீலரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, சர்வீஸ் சீட்டை வாங்கி வையுங்கள்.